கீழக்கரையில் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கலாமா?

கேள்வி – கீழக்கரைக் கொல்லைக்காரன்

கீழக்கரையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. கிழக்கே கொல்லையில் ஒரு முருங்கை மரமும் கிணறும் போக, பத்தடிக்குப் பன்னிரண்டடி வெறுந்தரை இருக்கிறது. அதில் முட்டைக்காக ஐந்தாறு கோழிகள் வளர்க்க வேண்டும் என்று அம்மா விரும்புகிறார். வடக்கு வீட்டுக்காரரின் படுக்கையறைச் சன்னல் எங்கள் கொல்லையை நோக்கித் திறப்பதால், நாற்றமும் சத்தமும் அவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்பதே என் முதல் கவலை. கிழக்கே இருப்பது காலி மனை. கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு; குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரைத்தான் பிடித்து வைக்கிறோம். கருவாட்டுக் கழிவு மலிவாகக் கிடைக்கிறது, அதைத் தீவனமாகப் போடலாமா? என்ன இனம் வாங்குவது, நகராட்சியில் அனுமதி பெற வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – மண்டபம்வாசி

தம்பி, நீங்கள் நாற்றத்தை ஒரு கேள்வியாகவும் தண்ணீரை வேறொரு கேள்வியாகவும் கேட்டிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் இரண்டும் ஒன்றுதான். கோழிக்கு உப்பைத் தாங்கும் சக்தி மிகவும் குறைவு. தீவனத்தில் உப்பு அரை விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உவர்த் தண்ணீரைக் குடித்து, உப்புக் கருவாட்டையும் தின்னும் கோழி, தாகம் அடங்காமல் மேலும் மேலும் தண்ணீர் குடித்து நீராகக் கழியும். அந்த ஈரம் தரையில் இறங்கி எச்சத்தோடு ஊறும்போதுதான், கண்ணை எரிக்கும் அம்மோனியா வாடை கிளம்புகிறது. உலர்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது. எனவே காவிரித் தண்ணீரில் ஒரு குடத்தைக் கோழிக்கென்று ஒதுக்கிவிடுங்கள். ஐந்தாறு கோழிகளுக்குக் கோடையில்கூட நாளுக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் தேவைப்படாது.

உப்பிட்டு உலர்த்திய கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே உப்பு இருக்கும். குஞ்சுகளுக்கு அதை அறவே காட்டாதீர்கள். வயிற்றில் நீர் கோத்து முதலில் சாவது அவைதான். மீன்தான் போட வேண்டுமென்றால், உப்பில்லாமல் வெயிலில் உலர்த்திக் கோழித் தீவனத்துக்கென்றே விற்கும் சங்காயம் என்னும் கழிவு மீனை வாங்குங்கள். அதிலும் கரையில் உலர்த்தியதால் மணல் ஒட்டியிருக்கும்; நன்றாக உதறி, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி காயவைத்து இடித்து, மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் கலக்க வேண்டும். அளவு மீறினால் முட்டையில் மீன் வாடை வந்துவிடும். எங்கள் பக்கத்தில் அதைப் பொருட்படுத்தாமல் சாப்பிடுகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதற்காகக் கிளிஞ்சலை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். அதையும் உப்புப் போகக் கழுவியாக வேண்டும். கரையில் கிடக்கிறதே என்று பவளத் துண்டுகளைப் பொறுக்கி வந்துவிடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

பதில் – அரண்மனைத் தெரு

ஐந்தாறு கோழிகள் என்பது பண்ணை ஆகாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோழிப்பண்ணை நெறிமுறைகள் 5,000 பறவைகளுக்கு மேல் வைத்திருப்பவர்களைக் கருதி எழுதப்பட்டவை. ஆனால் சிறிய அளவில் வளர்ப்பவரைச் சட்டம் தொடவே தொடாது என்றும் எண்ண வேண்டாம். பொதுத் தொல்லை என்று ஒருவர் மனுக் கொடுத்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் அதை அகற்றச் சொல்லி ஆணையிட முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதுவே 133-ஆம் பிரிவு. நகராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வடக்கு வீட்டில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

சேவல் வாங்காதீர்கள். பெட்டைக்கோழி முட்டையிடச் சேவல் தேவையில்லை. விடிந்தால்தானே கூவும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சேவலின் கூவல் அதன் உடலுக்குள்ளேயே ஓடும் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டிவிட்டார்கள். அது வெளிச்சத்துக்காகக் காத்திருக்காது.

கூட்டைக் கொல்லையின் தென்கிழக்கு மூலையில் வையுங்கள். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் நாற்றம் காலி மனைப் பக்கம் போய்விடும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியபின் அது உங்கள் வீட்டுக்குள் வரும், அதுதானே நியாயம்.

பதில் – பாம்பன் கரை

கூட்டுக்கு இரும்பு வலை வாங்கினால் உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடித்து, கீரி நுழையும் அளவுக்குப் பொத்துவிடும். மூங்கில் பட்டைகளை நெருக்கமாக அடித்து, மேலே பனையோலை வேய்ந்தால் வெக்கையும் குறையும். தகரக் கூரை சித்திரை வெயிலில் அடுப்பு. கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடிக்குக் குறையாமல் இடம் விடுங்கள். பகலில் முருங்கை நிழலில் மேயவிட்டுப் பொழுது சாய அடைத்தால் போதும்.

தரையில் நெல் உமியோ கடலைத் தோலோ மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த இடத்தை மட்டும் அள்ளி மாற்றினால் போதும். நாற்றத்துக்குச் சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள். அது ஈரத்தை இழுக்கும் என்பது சரி. ஆனால் எச்சத்தில் அடங்கிக் கிடக்கும் அம்மோனியாவை அதுவே கிளப்பியும் விடும். பக்கத்தில் படுக்கையறை இருக்கும்போது அதைச் செய்யாமல் உமியை மாற்றுவதே நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சேவல் வேண்டாம் என்பதை அம்மாவிடம் சொன்னேன். அப்படியானால் குஞ்சு பொரிக்க வழியே இல்லையா என்று கேட்கிறார். கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்தைக்கூடப் பரணிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்.

பதில் – மண்டபம்வாசி

வழி இருக்கிறது, தம்பி. நாட்டுக்கோழியில் சிறுவிடை என்ற வகையாகப் பார்த்து வாங்குங்கள். அது ஆண்டுக்கு அறுபது எழுபது முட்டைகள்தான் இடும் என்றாலும் நன்றாக அடை காக்கும். நந்தனம் என்னும் மேம்படுத்திய இனக் கோழி அதைவிட அதிகமாக முட்டையிடும், அடை உட்காருவதை நம்ப முடியாது. முட்டைக்கு நந்தனம் மூன்று, அடைக்குச் சிறுவிடை இரண்டு என்று கலந்து வாங்குவதே உங்கள் வீட்டுக்குப் பொருந்தும். சிறுவிடை அடை விழுந்ததும், சேவலோடு வளர்ப்பவர்களிடமிருந்து கருக்கூடிய முட்டைகளை வாங்கி அடியில் வைத்தால் இருபத்தொரு நாளில் பொரித்துவிடும். அவற்றில் சேவல் குஞ்சு எது என்று தெரியவந்ததும், கூவத் தொடங்குவதற்கு முன்பே கைமாற்றிவிடுங்கள்.

குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். எட்டு வாரம் ஆனதும் அதே நோய்க்கு ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இருவார முகாம் நடத்தி இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. மருந்தகத்தில் தேதியைக் கேட்டு, அதற்குள் எட்டு வாரம் நிரம்பும்படி கணக்குப் பார்த்து அடை வையுங்கள்.