கோரையைப் பிடுங்குவதா, மருந்து அடிப்பதா?

வாசல்புல்:
வீட்டின் முன்னால் போட்ட புல்தரையில் கோரை ஏறிவிட்டது. வெட்டிய மறுநாளே மற்ற புல்லெல்லாம் அடங்கிக் கிடக்க, அது மட்டும் தலைதூக்கி நிற்கிறது. நடைபாதை ஓரத்தில் அம்மான் பச்சரிசி, மரத்தடியில் புளியாரை. இது போதாதென்று நடுவில் ஒரு இடம் பழுத்துக்கொண்டே வருகிறது, தண்ணீர் விட்டாலும் தேறவில்லை. களை பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்துவிட்டது. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் ஒரே நாளில் வேலை முடியும் என்கிறார் ஒருவர், வினிகரில் உப்பைக் கலந்து ஊற்று என்கிறார் இன்னொருவர். என் புல் அருகம்புல் வகை. எதைச் செய்யலாம்?

தெளிப்பான்:
இரண்டையும் செய்யாதீர்கள். கிளைஃபோசேட்டுக்குக் களை, புல் என்ற பேதம் தெரியாது, பச்சையாக எது இருந்தாலும் எடுத்துவிடும். ஒரே நாளில் அதன் வேலை தெரியவும் தெரியாது, மஞ்சளாகிக் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வினிகர் இன்னும் மோசம். சமையலுக்கு வரும் வினிகரில் அசெட்டிக் அமிலம் 5 சதவீதம்தான், மேலே இருக்கும் இலை கருகும், கீழே கிழங்கு சௌக்கியமாக இருக்கும். உப்போ மண்ணிலேயே தங்கிவிடும், பிறகு அந்த இடத்தில் புல்லும் வராது.

முதலில் ஒன்று: கோரை புல் இனமே இல்லை, அகன்ற இலைக் களையும் இல்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள், மூன்று விளிம்பு தட்டும். இலையும் மூன்று திசையில் பிரியும். அதனால்தான் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி இதைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஹாலோசல்ஃப்யூரான் என்ற மருந்து கோரைக்கென்றே இருக்கிறது, அருகம்புல் தாங்கும். இலை வழுவழுப்பானது, தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும், ஒட்டும் திரவம் கலக்காமல் அடித்தால் காசுக்கும் நேரத்துக்கும் கேடு. அடிப்பதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் புல்லை வெட்டக் கூடாது. இரண்டு மூன்று வாரம் பொறுத்துத்தான் பலன் தெரியும், அவசரப்பட்டு மறுபடி அடிக்காதீர்கள்.

மண்வெட்டி:
வந்துவிட்டார் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு. ஐயா, கோரை ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்கிற தரையில் மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அடிமண் காய்ந்து இறுகிக் கிடக்கும். புல்லின் வேர் மேலேயே நின்றுவிடும், ஈரத்தை விரும்பும் கோரைக்குக் கொண்டாட்டம். அம்மான் பச்சரிசி நடைபாதை ஓரத்தில் வருகிறது என்றால் அங்கே மிதிபட்டு மண் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் விட்ட பிறகு ஒரு நீளமான திருப்புளியைக் குத்திப் பாருங்கள், 15 செ.மீ. இறங்காவிட்டால் மண் இறுகியிருக்கிறது. மண்ணை உருளை உருளையாகப் பெயர்த்து எடுக்கும் கருவியால் துளை போடுங்கள். வெறும் ஆணிக் கருவி துளையின் சுவரை மேலும் அழுத்தத்தான் செய்யும்.

தண்ணீரை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மொத்தம் 2.5 செ.மீ. உயரத்துக்கு விடுங்கள். அங்கங்கே தட்டையான டப்பா வைத்து அளந்துகொள்ளலாம். அப்புறம் புல்லை ஒட்ட வெட்டாமல் 7, 8 செ.மீ. விட்டு வெட்டினால் நிழலிலேயே பாதிக் களை முளைக்காது. மருந்து இல்லாமல் ஆகிற காரியம்.

தெளிப்பான்:
7, 8 செ.மீ. எல்லாம் குளிர்ப்பகுதிப் புல்லுக்குச் சொல்லும் அளவு. அவர் தன் புல் அருகம்புல் வகை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அதை அவ்வளவு வளரவிட்டால் கீழ் இலை காய்ந்து, தண்டு நீண்டு, நடுவில் சொட்டையாகும், அந்தச் சொட்டையில்தான் களை புகும். 2.5 முதல் 4 செ.மீ. வரை, அடிக்கடி வெட்டினால்தான் அது பக்கவாட்டில் படர்ந்து அடைக்கும். எந்தப் புல்லானாலும் ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, அது மட்டும் பொது விதி.

தண்ணீர், துளை பற்றியெல்லாம் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மண் சரியானதும் கோரை தானாகப் போய்விடும் என்பது போலச் சொல்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. விதையில் வரும் களைக்கு அந்தக் கணக்கு சரி. கோரை கிழங்கில் வருவது. மண்ணுக்குள் ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்கு மெல்லிய தண்டு ஓடுகிறது, மேலே இழுத்தால் அந்தத் தண்டு அறுந்து கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். முனையில் இருக்கும் கிழங்கு முளைத்து நிற்கும் வரை மற்றவை உறங்கும், இணைப்பை அறுத்தால் உறங்கியதும் விழிக்கும். வாசல்புல் நண்பர் பிடுங்கிப் பிடுங்கி ஓய்ந்தது இதனால்தான்.

மண்வெட்டி:
அளவு விஷயத்தில் சரி, அருகம்புல்லுக்குக் குட்டையாகவே இருக்கட்டும். பிடுங்குவது வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், கண்ட நேரத்தில் பிடுங்குவதுதான் வீண். கோரை முளைத்து ஐந்தாறு இலை விடும் வரை பழைய கிழங்கின் மாவைத்தான் தின்கிறது, புதுக் கிழங்கு அதற்குப் பிறகுதான் கட்டும். அதற்குள் எடுத்துவிட்டால் கிழங்குக்குச் செலவு மட்டும்தான், வரவு இல்லை. வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை போதும். மழை பெய்து மண் தளர்ந்திருக்கும்போது களைக்கொத்தை ஓரமாக இறக்கி நெம்பினால் பாதி நேரம் கிழங்கோடு வரும்: கருப்பாக, மேலே நார் போர்த்தி, மோந்தால் மருந்து வாசனை அடிக்கும்.

தெளிப்பான்:
அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதுங்கள். முற்றிய ஒரு கிழங்கு பத்துப் பன்னிரண்டு முறை கூட மறுபடி முளைக்கும். நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போனீர்கள், காய்ச்சலில் படுத்தீர்கள், அவ்வளவுதான், ஐந்தாறு இலை தாண்டிப் புதுக் கிழங்கு கட்டிவிடும். கையளவு இடத்துக்குப் பிடுங்குவது சரி. முற்றம் முழுக்கப் படர்ந்ததைப் பிடுங்கச் சொல்பவர் கூடவே வந்து உட்கார வேண்டும்.

நிழல்மரம்:
குறுக்கே வருகிறேன். இவ்வளவு சண்டை எதற்கு? மரத்தடியில் அருகம்புல்லே சரியாக வராது, அதற்கு நல்ல வெயில் வேண்டும். அங்கே புல் மெலிந்த இடத்தைத்தான் புளியாரை பிடித்திருக்கிறது. அதை எடுத்தால் வேறொன்று வரும். அந்த இடத்தில் புல்லை மறந்துவிட்டு நிழல் தாங்கும் தரைச்செடி போடுங்கள். எது களை என்பதையே நாம் முடிவு செய்யவில்லை பாருங்கள். குளோவர் இருக்கிறதே, மேலை நாடுகளில் ஒரு காலத்தில் புல்விதையோடு கலந்தே விற்றார்கள், காற்றில் இருந்து தழைச்சத்தை மண்ணுக்குக் கொடுக்கும் செடி. 1940களில் 2,4-டி வந்தது. அது அகன்ற இலைச் செடிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்லும், குளோவரையும் சேர்த்து. மருந்திலிருந்து அதைக் காப்பாற்ற வழி இல்லை, அதனால் அது களைப் பட்டியலில் சேர்ந்தது. மருந்து வந்து களையை உண்டாக்கிய கதை.

தெளிப்பான்:
கதை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் புளியாரை குளோவர் இல்லை. காய் முற்றினால் தொட்டவுடன் வெடித்து விதையை நாலு பக்கமும் எறியும், பூந்தொட்டி வரை போகும். ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று விட்டால் அடுத்த பருவம் எல்லா இடத்திலும் அதுதான்.

மண்வெட்டி:
அதற்கும் ஒரு மருந்துப் பெயர் வைத்திருப்பீர்களே?

தெளிப்பான்:
2,4-டிக்குப் புளியாரை அவ்வளவாக அசையாது. டிரைகுளோபிர் கேட்கும், ஆனால் அது அருகம்புல்லையும் வெளுக்க வைக்கும், அதனால் இவருக்குச் சொல்ல மாட்டேன். காய் வைப்பதற்கு முன் கையால் எடுக்கட்டும். பார்த்தீர்களா, எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவே இல்லை. அம்மான் பச்சரிசிக்கும் கைதான், வேர் ஆழமில்லை, பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வருடா வருடம் விதையிலிருந்து வருகிற ஆள், முளைக்கும் முன் பெண்டிமெத்தலின் போட்டும் தடுக்கலாம். கோரைக் கிழங்கை அது ஒன்றும் செய்யாது.

நிழல்மரம்:
பெண்டிமெத்தலினுக்குப் பதில் மக்காச்சோளத்தின் புரத மாவு இருக்கிறதே? அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது, 1991இல் காப்புரிமையும் வாங்கினார்கள்.

தெளிப்பான்:
விதை முளைக்கும் சமயம் பார்த்துப் போட்டு, அடுத்து மண் காய வேண்டும், நேரம் தப்பினால் கதை கெட்டது. அதில் 10 சதவீதம் தழைச்சத்து, தப்பினால் களைக்குத்தான் விருந்து.

மண்வெட்டி:
உடல்நலத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் கிளைஃபோசேட்டை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்தது. அதே வருடம் 2,4-டியை அதற்கு ஒரு படி கீழே வைத்தது. குழந்தை உட்கார்ந்து விளையாடுகிற தரை இது.

தெளிப்பான்:
அந்தப் பிரிவு ஒரு பொருளால் தீங்கு வர முடியுமா என்று சொல்வது, எவ்வளவு பட்டால் வரும் என்று சொல்வதல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதே கிளைஃபோசேட்டைப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தது. அதற்காகக் கையால் கலக்கு, வெறுங்காலில் நட என்று சொல்லவில்லை. லேபிளில் இருக்கும் அளவு, காற்றில்லாத நேரம், காயும் வரை யாரும் கால் வைக்காமல் இருப்பது, இவ்வளவையும் கடைப்பிடிக்க முடியாதவர் தெளிப்பானைத் தொடவே வேண்டாம். தக்காளி பக்கத்தில் இருந்தால் 2,4-டியின் சாரல் பட்டாலே இலை சுருண்டுவிடும்.

பச்சைக்கை:
எல்லோரும் கோரையில் நிற்கிறீர்கள், நடுவில் பழுத்த இடத்தை விட்டுவிட்டீர்கள். வாசல்புல், அங்கே புல்லைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் பிடிப்பே இல்லாமல் பாயைச் சுருட்டுவது போல வந்தால் கீழே வேர்ப்புழு. அப்படி வராவிட்டால், காலையில் பனி காயும் முன் குனிந்து பாருங்கள், சிலந்தி வலை போல நூல் படர்ந்திருந்தால் பூஞ்சணம், மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். நடுவில் காய்ந்து சுற்றி மட்டும் கரும்பச்சையாக இருந்தால் நாய் சிறுநீர். மொத்தத் தரையின் இலை நுனியும் கிழிந்து வெளுத்திருந்தால் நோயே இல்லை, இயந்திரத்தின் பிளேடு மழுங்கியிருக்கிறது.

வாசல்புல்:
இழுத்தேன் அக்கா, அப்படியே பெயர்ந்து வந்தது. கீழே வெள்ளையாக, வளைந்து சுருண்டு, பழுப்புத் தலையோடு புழுக்கள். மண்வெட்டி ஐயா, இதற்கும் மண்ணைச் சரி செய்தால் போதுமா?

மண்வெட்டி:
எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக மூன்று பக்கம் வெட்டிப் புரட்டி எண்ணுங்கள். நாலைந்து இருந்தால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். பத்துக்கு மேல் என்றால் ஏதாவது செய்தாக வேண்டும், பூச்சியைத் தாக்கும் நூற்புழு கிடைக்கும், மண்ணை நனைத்துவிட்டு வெயில் சாய்ந்த பிறகு விடுங்கள், வெயில் பட்டால் செத்துவிடும்.

தெளிப்பான்:
இதில் உங்களோடு நிற்கிறேன். பெரிய புழுவுக்கு ரசாயனமும் அவ்வளவாக வேலை செய்வதில்லை, சின்னதாக இருக்கும்போதுதான். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் மேலே வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இலை தின்னும் கம்பளிப்புழுவுக்கான சோதனை.

வாசல்புல்:
சரி. முதலில் புழு, பிறகு துளை. கோரைக்கு மட்டும் தரையை இரண்டாகப் பிரிக்கப் போகிறேன், இடது பக்கம் மருந்து, வலது பக்கம் கை. பருவ முடிவில் படம் போடுகிறேன், நீங்கள் இருவரும் அப்போது மறுபடி சண்டை போடலாம்.

மண்வெட்டி:
போடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெட்டு உயரம் இருந்தால்தான் அந்தப் படத்தை ஏற்பேன்.

தெளிப்பான்:
அதற்குச் சம்மதம். மருந்து அடித்த பக்கத்தில் வெட்டிய புல்லை உரக்குழியிலோ காய்கறிப் பாத்தியிலோ போடாதீர்கள், அங்கேயே தரையில் உதிரட்டும். வலது பக்கத்தில் ஐந்தாவது இலை வருவதற்குள் குனிய வேண்டும், அதை மண்வெட்டி ஐயாவே நினைவுபடுத்துவார்.