வக்கீல் தொழிலை விட்டு வந்த ராஜாஜி: வேலூர் ஜெயில் வாசலில் வந்த ஒரு கேள்வி

தொரப்பாடி ஜூனியர்:

வணக்கம். வேலூர் கோர்ட்டில் மூன்று வருஷமாக ஜூனியராக இருக்கிறேன். வீடு தொரப்பாடி. போன வாரம் மத்திய சிறையில் இருக்கும் ஒரு கட்சிக்காரரிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் காத்திருந்த பெரியவர் ஒருவர், "சேலத்துல அவ்ளோ பெரிய வக்கீலா இருந்த ராஜாஜி, இதே ஜெயில்ல மூணு மாசம் இருந்தாரு தம்பி" என்றார். அன்றிலிருந்து மனசில் அதுதான் ஓடுகிறது. இருபது வருஷமாகப் பிடித்து வைத்த தொழிலை ஒருவர் எப்படி விட்டு வருவார்? வந்த பிறகு அந்த வக்கீல் மூளை அவருக்கு எதற்காவது உதவியதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வக்கீல்:

தம்பி, பெரியவர் சொன்னது உண்மைதான். 1921 டிசம்பர் 21 முதல் 1922 மார்ச் 20 வரை அவர் வேலூர் ஜெயிலில் இருந்தார். தடை உத்தரவை மீறினார் என்பது வழக்கு. 2024 வரை நீயும் நானும் வாரம் ஒரு தடவையாவது புரட்டிய அதே 144ஆவது பிரிவு. சுதந்திரப் போராட்டத் தலைவர் வரதராஜுலு நாயுடு மேல் ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. தன் முறை வந்தபோது ஒத்துழையாமை இயக்கத்தில் இருந்தார். வெள்ளைக்காரன் கோர்ட்டில் எதிர்வாதம் செய்வதில்லை என்பது அந்த இயக்கத்தின் முடிவு. நாற்பத்தோரு வருஷம் கவுன் போட்டவன் சொல்கிறேன், வாதாடத் தெரிந்தவனுக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் போலக் கஷ்டம் வேறு கிடையாது.

சேலத்தில் 1900இல் தொழில் தொடங்கினார். 1917இல் நகராட்சித் தலைவர். 1919இல் சென்னைக்குக் குடி வந்த கையோடு காந்தி அவர் வீட்டில் வந்து தங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு என்ற யோசனை காந்திக்குத் தோன்றியது அந்த வீட்டில்தான். அதற்கு மறு வருஷம் ஒத்துழையாமை. அதோடு தொழிலுக்கு முழுக்கு.

வேலூரில் இருந்த மூன்று மாதமும் டைரி எழுதியிருக்கிறார். நீ அவசியம் படிக்க வேண்டியது அது. சுதந்திரம் வந்த உடனே நல்ல ஆட்சி வந்துவிடாது, தேர்தலும் அதோடு வரும் ஊழலும் பணத்தின் அதிகாரமும் ஜனங்களை வாட்டும் என்று 1922 ஜனவரியிலேயே எழுதிவிட்டார். சுதந்திரம் கிடைக்க இன்னும் இருபத்தைந்து வருஷம் இருக்கிறது அப்போது! தன் கட்சிக்காரரின் வழக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று முதலில் தேடிப் பார்ப்பவன்தான் நல்ல வக்கீல். அவர் தேசத்தின் கேஸையே அப்படிப் பார்த்திருக்கிறார்.

வக்கீல் மூளை உதவியதா என்று கேட்டாய். உதவியது, அதே மூளையால் அடியும் பட்டார். நமக்கும் கட்சிக்காரர் உண்டு, அரசியலிலும் கட்சிக்காரர் உண்டு. ராஜாஜி எந்தக் கட்சிக்காரர் முகத்துக்காகவும் வாதத்தை மாற்றவில்லை. 1942இல் முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்றுப் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்றார். அலகாபாத்தில் காங்கிரஸ் கமிட்டி 120க்கு 15 என்று தோற்கடித்தது. காங்கிரஸை விட்டே வெளியே வந்தார். இரண்டு வருஷம் கழித்துக் காந்தி ஜின்னாவோடு பேச உட்கார்ந்தபோது, கையில் இருந்தது ராஜாஜி எழுதிக் கொடுத்த திட்டம். 1948இல் மௌண்ட்பேட்டன் காலி செய்த கவர்னர் ஜெனரல் நாற்காலி இவருக்கு வந்தது.

குடியாத்தம் ஆசிரியர்:

ஐயா எழுதியதை மதித்துப் படித்தேன். ஆனால் 1953ஐ அப்படியே தாண்டிவிட்டீர்களே. கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைக்கு மூன்று மணி நேரம்தான் பாடம், மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் கொண்டு வந்தது இதே வாதத் திறமைதானே? தன் வாதம் சரி என்று நம்பினார், எதிரே இருப்பவன் தலைமுறை தலைமுறையாகப் பட்ட அடியைப் பார்க்கவில்லை. நெசவுக்கார ஊரில் பாடம் நடத்துகிறவனுக்கு, தறிக்காரர் பிள்ளை தறிக்கே போகட்டும் என்பதை ஏற்கவே முடியாது. எதிர்ப்பு தாங்காமல் 1954இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். காமராஜர் முதலமைச்சராகி எங்கள் குடியாத்தத்தில் இடைத்தேர்தலுக்கு நின்றார், பெரியாரும் ஆதரித்தார், ஜெயித்தார். அந்தத் திட்டமும் போனது. நீங்கள் சொன்ன அதே வேலூர் ஜெயிலில்தான் காமராஜரும் இருந்தார். உள்ளே இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ராணிப்பேட்டை வரி ஆலோசகர்:

நம் ஜில்லா சம்பந்தப்பட்ட இன்னொன்று. ராஜாஜி முதல் தடவை ஆட்சிக்கு வந்த 1937இல் மதுவிலக்கைச் சேலத்தில் தொடங்கினார். சித்தூர், கடப்பாவுக்கு அடுத்து 1939 அக்டோபர் 1இல் வட ஆற்காட்டுக்கு வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே யுத்தப் பிரச்சினையில் மந்திரிசபை ராஜினாமா செய்துவிட்டது. கள், சாராயத்தில் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரிச் சட்டம் போட்டார். நான் முப்பது வருஷம் சோறு தின்றது அந்தச் சட்டத்தின் வாரிசுகளை வைத்துத்தான். கெட்டதை ஒழிக்கிறேன் என்றதோடு நிற்காமல், அதனால் விழும் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது என்றும் கணக்குப் போட்டார் பாருங்கள். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை.

சத்துவாச்சாரி வக்கீல்:

ஆசிரியர் ஐயா சொன்னது நியாயம். கல்வித் திட்டத்தில் நான் அவர் பக்கம் இல்லை. வாதம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தீர்ப்பை அனுபவிக்கப் போகிறவன் யார் என்று பார்க்க வேண்டும், அங்கே அவர் தவறினார். ஆனாலும் எண்பது வயதில், 1959இல், நேருவை எதிர்த்து சுதந்திராக் கட்சி தொடங்கிய தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. 1967இல் அந்தக் கட்சிக்கு மக்களவையில் 44 இடம் கிடைத்தது.

தொரப்பாடி ஜூனியர்:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, அந்த டைரி உங்களிடம் இருக்கிறதா? திங்கட்கிழமை எங்கள் ஜாமீன் மனு வருகிறது. முடித்ததும் வந்து வாங்கிக்கொள்ளட்டுமா?

சத்துவாச்சாரி வக்கீல்:

வா தம்பி. மூன்று மணிக்கு மேல் பார் ரூமில்தான் இருப்பேன். ஜனவரிப் பக்கங்களில் பென்சில் கோடு போட்டிருக்கும், அங்கிருந்து ஆரம்பி.