மைலுக்கு 20 பென்ஸ் என்று நினைத்தேன், வந்தது 4 பென்ஸ்

இங்கிலாந்தின் கென்ட்டில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலை எனக்கு. ஆஷ்ஃபர்டில் ஒரு பாட்டிக்கு மாத்திரை, அங்கிருந்து டென்டர்டனில் ஒரு தாத்தாவைக் குளிப்பாட்டுவது, மறுபடி ஆஷ்ஃபர்ட். காரும் பெட்ரோலும் என்னுடையவை. கம்பெனி மைலுக்கு 25 பென்ஸ் தருகிறது. கூட வேலை பார்க்கும் ஒரு அக்கா, "சொந்தக் காரை வேலைக்கு ஓட்டினா மைலுக்கு 45 பென்ஸ் வரைக்கும் அனுமதி இருக்கு, மிச்ச 20 பென்ஸை எச்எம்ஆர்சி கிட்ட, அதான் வரி ஆபீஸ் கிட்ட, கேட்கலாம்" என்றார். அந்த வருடம் 9,600 மைல் ஓட்டியிருந்தேன். 1,920 பவுண்டு வரப்போகிறது என்று ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

வந்தது 384 பவுண்டு.

அந்த 1,920 என் கைக்கு வரும் பணம் இல்லை, என் வருமானத்தில் கழியும் தொகை. அதற்கு நான் கட்டிய 20 சதவீத வரிதான் திரும்பும். ஆக மைலுக்கு 4 பென்ஸ். அதுவும் 10,000 மைல் வரைதான். அதற்கு மேல் அனுமதியே 25 பென்ஸ், கம்பெனி தருவதும் அதே 25. என்னைப் போன்றவர்களுக்கு வருடத்துக்கு 400 பவுண்டைத் தாண்டவே தாண்டாது.

கணக்கை விடப் பெரிய பாடு, பதிவு. யார் எப்போது எந்த வீட்டுக்கு என்று காட்டும் ரோட்டா ஆப்பில் மூன்று மாதத்துக்கு முந்தையது எதுவும் இல்லை. பே ஸ்லிப்புகளைச் சமையலறை மேசையில் பரப்பி, கூகுள் மேப்பில் ஒவ்வொரு வீடாகப் போட்டு அளந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இப்போது இந்த வரியைத் திரும்பக் கேட்கும் பி87 படிவத்தோடு மைல் பதிவையே கேட்கிறார்கள்: ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம், கிளம்பிய இடத்தின் போஸ்ட்கோடு, போய்ச் சேர்ந்த இடத்தின் போஸ்ட்கோடு. அதனால் கார் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நோட்டு. ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தியதும் எழுதிவிட்டுத்தான் இறங்குகிறேன்.

* * *

கென்ட் அக்கா, நீங்களாவது நீங்களே விண்ணப்பம் போட்டீர்கள். நான் ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து ஒரு ரீஃபண்ட் ஏஜென்ட்டிடம் போனேன். பழைய நான்கு வரி வருடங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்று சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் பணம் முதலில் அவர்கள் கணக்குக்குப் போய், கமிஷன் பிடித்ததும் எனக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சியது. மைல் பட்டியல் தயாரித்தது யார் என்கிறீர்கள்? நான்தான்!

* * *

நான் ஹாரோவில் சொந்தமாகக் கேட்டரிங் செய்கிறேன். சொந்தத் தொழில் செய்யும் நமக்குக் கதை வேறு. 45 பென்ஸும் முழுசாகச் செலவுக் கணக்கில் எழுதலாம், 10,000 மைலுக்கு மேல் 25. முதல் வருடம் நான் மைலையும் எழுதி, பெட்ரோல் ரசீது, வேன் இன்சூரன்ஸ், எம்ஓடி என்ற வருடாந்திர வண்டிப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவைத்திருந்தேன். கணக்காளர் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரே இட்லிக்கு ரெண்டு பில்லா?" என்றார். அந்த 45 பென்ஸுக்குள்ளேயே பெட்ரோல், ரிப்பேர், இன்சூரன்ஸ், வண்டித் தேய்மானம் எல்லாம் அடக்கம். பார்க்கிங்கும், லண்டன் நடுப்பகுதிக்குள் வண்டி ஓட்டக் கட்டும் கஞ்செஷன் சார்ஜும் மட்டும் தனியாக எழுதலாம். (அபராதச் சீட்டு கிடையாது, அதையும் கேட்டுப் பார்த்தேன்.) இன்னொன்று: ஒரு வண்டிக்கு மைல் கணக்கில் இறங்கிவிட்டால் அந்த வண்டி இருக்கும்வரை அதுவேதான், நடுவில் மாற்ற முடியாது. பழைய வேன், அடிக்கடி ரிப்பேர் என்றால் முதலிலேயே இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

* * *

சரி, என் பங்குக்கு. தினமும் வீட்டிலிருந்து ஆபீஸ் போவது இதில் சேராது என்பது எனக்குத் தெரியும். ஆபீஸிலிருந்து இன்னொரு கிளைக்கு வாரம் இரண்டு முறை சைக்கிளில் போவேன். சைக்கிளுக்கும் மைலுக்கு 20 பென்ஸ் உண்டு, என் ஆபீஸ் ஒரு பென்ஸும் தருவதில்லை. வருடத்துக்கு 300 மைல், 60 பவுண்டு, அதில் 20 சதவீதம் 12 பவுண்டு. படிவம் நிரப்ப ஒரு மாலை முழுக்க ஆனது. அந்தக் காசில் பின்சக்கர ட்யூப் மாற்றினேன்.