மதுரை வெயிலில் கஸ்டம் லூப்: ரேடியேட்டர், பம்ப், குழாய் தேர்வு குறித்து ஆலோசனை தேவை

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். கட்டடங்களின் உட்புறக் காட்சிகளை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்வது (கணினியைக் கொண்டு படமாக்குவது) என் தொழில். ரைசன் 9 7950எக்ஸ் செயலியும் ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டும் லியன் லீ ஓ11 டைனமிக் எவோ கேபினெட்டுக்குள் இருக்கின்றன. செயலிக்கு 360 மி.மீ. ஏஐஓ (தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிய நீர்க் குளிர்விப்பான்) ஒன்று உள்ளது. கார்டு தன் சொந்த விசிறிகளையே நம்பி இருக்கிறது. ஏசி இல்லாத மாடி அறை என்பதால், சித்திரை மாதத்தில் அறைக்குள்ளேயே 35 டிகிரி வெப்பம் நிற்கிறது. இரவு முழுவதும் ரெண்டர் ஓடும் நாள்களில் விசிறிகளின் இரைச்சலால் அடுத்த அறையில் இருப்பவர்கள்கூடத் தூங்க முடிவதில்லை.

ஆகவே செயலி, கார்டு இரண்டையும் ஒரே லூப்பில் (நீரைச் சுழற்றிக் குளிர்விக்கும் குழாய்ச் சுற்றில்) இணைக்க விரும்புகிறேன். மேற்புறம் 360 ரேடியேட்டர், பக்கவாட்டில் 240 ரேடியேட்டர் என்று திட்டமிட்டுள்ளேன். 240 மட்டும் அலுமினியத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பிளாக்குகள் (சிப்பின் மேல் அமர்ந்து வெப்பத்தை நீருக்குக் கடத்தும் பாகங்கள்) நிக்கல் பூசிய செம்பு. வளைத்துப் பொருத்தும் பெட்ஜி பிளாஸ்டிக் கடினக் குழாய்கள் பார்வைக்கு அழகாக இருப்பதால் அவற்றையே வாங்க நினைக்கிறேன். உள்ளே ஊற்றுவதற்கு, பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, கசிவு பற்றிய பயம் இன்னும் போகவில்லை. இந்தப் பட்டியலில் எதை மாற்ற வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்புத்தகடு

வணக்கம் நண்பரே. பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டது மிகவும் நல்லது. முதலில் அந்த அலுமினிய ரேடியேட்டரை விட்டுவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடும், அதில் அலுமினியம்தான் அரிபடும். ஏஐஓக்களில் செம்புத் தகடும் அலுமினிய ரேடியேட்டரும் சேர்ந்துதானே இருக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். அவை அரிப்புத் தடுப்பான் கலந்த திரவத்தோடு தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டவை. நாம் திறந்து, ஊற்றி, மாற்றிக்கொண்டே இருக்கும் லூப்பில் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. இப்படிக் கலந்து அமைத்த ஒரு லூப்பைச் சரிசெய்து தரும்படி தெரிந்தவர் ஒருவர் கேட்டபோது, அதன் செயலி பிளாக்கை நான் திறந்து பார்த்தேன். ஒரு மி.மீ.க்கும் குறைவான அகலமுள்ள நுண்பள்ளங்கள் முழுவதும் வெள்ளையாக, வழவழப்பான ஒரு பசை அடைத்திருந்தது. பல் துலக்கும் பிரஷால் தேய்த்தும் அதன் ஒரு பகுதி வரவே இல்லை. ரேடியேட்டர், பிளாக், ஃபிட்டிங் (குழாய் இணைப்பி) எல்லாமே செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்ற வட்டத்துக்குள் இருக்கட்டும்.

அடுத்தது ரேடியேட்டரின் அளவு. கார்டு 450 வாட் வரை இழுக்கும். உங்கள் செயலியின் உச்ச வரம்பு 230 வாட். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அரிது என்றாலும், 680 வாட்டை வைத்தே கணக்கிடுவோம். விசிறிகள் மிதமான வேகத்தில் சுற்றும்போது, 120 மி.மீ. விசிறி ஒன்று பொருந்தும் ரேடியேட்டர் பரப்பு ஏறத்தாழ 100 வாட்டை வெளியேற்றி, நீரை அறை வெப்பத்தைவிட 10 டிகிரி மேலே நிறுத்தும் என்பது பலரும் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. 360, 240 இரண்டும் சேர்ந்தால் ஐந்து பரப்பு. ஒவ்வொன்றின் மீதும் 136 வாட் சுமை விழும். நீர் 13, 14 டிகிரி மேலே போய்விடும். குளிர்ந்த ஊரில் இது ஒரு பொருட்டே அல்ல. உங்கள் அறையில் அது 49 டிகிரி நீர் என்று அர்த்தம். எவ்வளவு செலவழித்தாலும் இத்தகைய லூப்பின் நீர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது என்பதால், நம் ஊர்களில் ரேடியேட்டர் பரப்பில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

உங்கள் கேபினெட் மேல், கீழ், பக்கவாட்டு ஆகிய மூன்று இடங்களிலும் 360 ரேடியேட்டரை ஏற்கும். பக்கவாட்டிலும் 360 போடுங்கள். கீழே மூன்று விசிறிகளை மட்டும் வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுங்கள். பக்கவாட்டும் உள்ளிழுக்கட்டும், மேற்புறம் வெளியேற்றட்டும். 30 மி.மீ. தடிமனுள்ள ரேடியேட்டர் போதும். அதோடு 25 மி.மீ. விசிறி சேர்ந்தால் 55 மி.மீ. ஆகிறது, மேற்புறத்தில் அந்த இடம் ராம் நினைவகத்தின் உச்சியையும் செயலிக்குப் போகும் மின் கேபிளையும் இடிக்கிறதா என்று அளவுகோலை வைத்து இன்றே பார்த்துவிடுங்கள். மடிப்புகள் மிக நெருக்கமாக உள்ள ரேடியேட்டர் வேண்டாம். அதற்கு வேகமான விசிறி தேவைப்படும், அந்த இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தானே இத்தனை பாடும்? நம் ஊர்த் தூசியும் அந்த மடிப்புகளில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ‘105 வாட் எகோ மோட்’ என்ற மின் சிக்கன நிலையைத் தேர்ந்தெடுத்தால் செயலியின் உச்ச வரம்பு 142 வாட்டுக்கு இறங்கும். நீங்கள் கார்டில் ரெண்டர் செய்பவராக இருந்தால் வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. மொத்தச் சுமை 600 வாட்டுக்குள் அடங்கிவிடும்; இரண்டு 360களுக்கு அது சரியான அளவு.

நீரோட்டம்

குழாய் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் லூப்புக்குக் கடினக் குழாய் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வளைவில் ஒரு மி.மீ. பிசகினாலும் குழாய் ஃபிட்டிங்குக்குள் சாய்வாக உட்கார்ந்து, ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) ஒரு பக்கமாக நசுக்கும். மேலும் பெட்ஜி வெப்பத்தில் இளகும் தன்மை உடையது. 60 டிகிரியை நெருங்கும் நீரில் அதை நம்ப முடியாது. இரவில் ரெண்டர் ஓடும்போது பம்ப் நின்றுபோனால் நீர் அந்த நிலையைத் தொட அதிக நேரம் ஆகாது. கடினக் குழாய்தான் வேண்டும் என்றால் அக்ரிலிக் இதைவிட வெப்பம் தாங்கும்.

ஈபிடிஎம் ரப்பர் குழாயைப் பரிந்துரைக்கிறேன். கறுப்பாக இருக்கும், உள்ளே ஓடும் நீர் தெரியாது. ஆனால் ஒளிபுகும் மென்குழாய்களில் பல, காலப்போக்கில் தம் பிளாஸ்டிசைசரை (மென்மைக்காகச் சேர்த்த பொருளை) நீரில் விட்டு பிளாக்கைப் படலமாக மூடுவதுபோல இது செய்யாது. உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. என்ற அளவு எளிதில் மடங்காது. ஃபிட்டிங் வாங்கும்போது இரண்டு எண்களையும் பாருங்கள். 10/13 ஃபிட்டிங்கில் 16 மி.மீ. குழாய் நுழையாது, உள்விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கிவிட்டுக் கடைக்குத் திரும்பி அலைபவர்கள் பலர். திருகு மறை எல்லாவற்றிலும் ஜி 1/4 என்ற ஒரே அளவு என்பதால் அதில் குழப்பம் இல்லை.

பம்ப் டி5 வகையாக இருக்கட்டும். டிடிசி என்ற மற்றொரு வகை சிறியது, அழுத்தமும் கூடுதல், ஆனால் அதன் அடிப்பகுதி சூடாகும். டி5இன் மோட்டாரை உள்ளே ஓடும் நீரே குளிர்விக்கிறது. 60 டிகிரிக்கு மேற்பட்ட நீர் அதற்கு ஆகாது. மின்சாரத்தைப் பவர் சப்ளையிலிருந்து நேரடியாகக் கொடுத்துவிட்டு, வேகம் காட்டும் வயரை மதர்போர்டின் சிபியூ விசிறி இணைப்பில் செருகுங்கள். பம்ப் நின்றால் மதர்போர்டு எச்சரிக்கும்.

வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. அலுமினியத்தையும் பெட்ஜியையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். அளந்து பார்த்ததில் மேற்புறம் 55 மி.மீ. அமைப்பு ராமைத் தொடாமல் நிற்கிறது. நீரைப் பற்றியும், பொருத்தும் முறை பற்றியும், கசிவுச் சோதனை பற்றியும் யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா? செயலி, ரேடியேட்டர், கார்டு, ரேடியேட்டர் என்று மாற்றி மாற்றி இணைத்தால்தான் பயன் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். குழாய்ப் பாதை அதனால் மிகவும் சிக்கலாகிறது.

மறையும் திருகும்

ஐயா, வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் நீரில் 280 வாட் வெப்பம் சேர்ந்தால் அது ஒரே ஒரு டிகிரிதான் உயரும். 450 வாட் கார்டைக் கடந்து வரும் நீர்கூட இரண்டு டிகிரிக்கும் குறைவாகவே சூடாகியிருக்கும். ஆகவே குழாய் எங்கே நீளம் குறைவாகவும் நேராகவும் போகுமோ அந்த வழியைத் தேர்ந்தெடுங்கள். கட்டாயமான விதி ஒன்றே: ரிசர்வாயரிலிருந்து (நீர்த் தொட்டியிலிருந்து) நீர் நேராகப் பம்புக்குள் இறங்க வேண்டும். நீரின்றிச் சுற்றினால் பம்ப் கெட்டுவிடும்.

நீரைப் பொறுத்தவரை, பேட்டரி வாட்டர் என்று விற்பவை எல்லாம் காய்ச்சி வடித்தவை அல்ல. உப்பு நீக்கிய நீரும் அதே பெயரில் வருகிறது. சுத்தமான நீராகவே இருந்தாலும் அரிப்புத் தடுப்பானும் பாசி தடுக்கும் மருந்தும் சேர்க்காமல் அதைத் தனியாக ஊற்றக் கூடாது. கணினி லூப்புக்கென்றே கலந்து விற்கும் நிறமற்ற திரவம் ஒரு லிட்டரோ இரண்டு லிட்டரோ வாங்குவது இந்தச் செலவோடு ஒப்பிட்டால் பெரிய தொகை அல்ல. பால்போல ஒளிபுகாத வண்ணத் திரவங்களில் நுண்துகள்கள் இருக்கும்; அவை பிளாக்கின் பள்ளங்களில் படியும். இரவு முழுவதும் உழைக்கும் கணினிக்கு அவை வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரைக் கழுவுவதற்குப் பயன்படுத்துங்கள்: புதிய ரேடியேட்டருக்குள் பற்றவைப்பின்போது பயன்படுத்திய ஃபிளக்ஸ் என்ற பொருள் தங்கியிருக்கும். நீரைச் சூடாக்கி ஊற்றி, இரு துளைகளையும் மூடிக் குலுக்கி, வெளிவரும் நீர் தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

இப்போது கார்டு. இங்கேதான் பொறுமை தேவை. 4090 என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் சர்க்யூட் போர்டு வேறுபடலாம். உங்கள் கார்டின் முழு மாடல் பெயரைப் பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் சரிபார்த்த பிறகே வாங்குங்கள். குளிர்விப்பானைக் கழற்றினால் வாரண்டி நிற்குமா என்பதையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். தெர்மல் பேடுகளை (வெப்பம் கடத்தும் மெத்தென்ற பட்டைகளை), கையேட்டில் எந்த இடத்துக்கு எந்தத் தடிமன் சொல்லியிருக்கிறதோ அப்படியே வெட்டி ஒட்டுங்கள். 1 மி.மீ. பேட் வர வேண்டிய இடத்தில் 1.5 மி.மீ. பேட் வந்தால் பிளாக் சற்றே தூக்கி நிற்கும். சிப்புக்கும் செம்புக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பேஸ்ட் நசுங்காமல் கிடக்கும். திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்கிய பிறகு, மனம் தளராமல் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். சிப்பின் நான்கு மூலைகளிலும் பேஸ்ட் மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் புதிதாகப் பேஸ்ட் வைத்து மூடிவிடலாம். ஒரு மூலை மட்டும் தடித்து இருந்தால் அந்தப் பக்கத்துப் பேடைச் சந்தேகியுங்கள். பழைய பேஸ்ட்டைத் துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பிளாக்கின் அக்ரிலிக் மூடியில் படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் உண்டாகும்.

செயலி பிளாக்கில் நீர் நுழையும் துளை எது என்று கையேட்டில் பார்த்து இணையுங்கள். பல பிளாக்குகளில் உள்ளே வரும் நீர் நுண்பள்ளங்களின் நடுவே பீய்ச்சி விழும்படி அமைத்திருப்பார்கள்; மாற்றி இணைத்தால் அந்தப் பயன் கெடும்.

குழாயைக் கூரிய பிளேடால் நேராக வெட்டி, நுனியை வெந்நீரில் சில விநாடிகள் முக்கி எடுத்தால் ஃபிட்டிங்கின் அடிவரை எளிதாக ஏறும். ஃபிட்டிங்குகளைக் கையால் மட்டுமே திருகுங்கள். நீரைத் தடுப்பது ஓ-ரிங்தான். ஸ்பேனரால் இறுக்கினால் அது பிதுங்கும், அக்ரிலிக்காக இருந்தால் மறையே விரியும். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி-இணைப்பும் வால்வும் வையுங்கள். நீர் மாற்றும் நாளில் அதன் அருமை தெரியும்.

உங்கள் பயத்துக்கு மருந்து காற்றழுத்தச் சோதனைக் கருவி. நீர் ஊற்றும் முன் அதை ஒரு துளையில் பொருத்தி, கைப்பம்பால் 0.5 பார் வரை ஏற்றிவிட்டு, முள்ளைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருங்கள். முள் இறங்கினால் எந்த இணைப்பு என்று தேடலாம். போர்டில் ஒரு சொட்டும் விழாது. அது தேறிய பிறகு, மதர்போர்டு, கார்டு ஆகியவற்றின் மின் கேபிள்களைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24 முனை இணைப்பியில் அதற்கென விற்கும் இணைப்பு மூடியைச் செருகிப் பம்பை மட்டும் ஓட்டுங்கள். ரிசர்வாயர் காலியாகும் முன் நிறுத்துங்கள், ஊற்றுங்கள், மறுபடி ஓட்டுங்கள். கேபினெட்டை முன்னும் பின்னும் சாய்த்தால் ரேடியேட்டருக்குள் சிக்கிய காற்று சலசலத்து வெளியேறும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாளைச் செருகிவைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள்.

செம்புத்தகடு

மேலே சொன்ன அனைத்தையும் வழிமொழிகிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். விசிறிகளின் வேகத்தைச் செயலியின் வெப்பத்தோடு இணைக்காதீர்கள். செயலி ஒரு நொடியில் ஏறி இறங்கும், விசிறிகளும் கூடவே ஓலமிடும். நீரோ மெதுவாகத்தான் சூடாகும். ஜி 1/4 மறையுள்ள 10 கிலோ ஓம் வெப்ப உணரி ஒன்றை ரேடியேட்டரின் வெற்றுத் துளையில் திருகி, மதர்போர்டில் இரண்டு முனை வெப்ப உணரி இணைப்பு இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் தனியான விசிறிக் கட்டுப்பாட்டுக் கருவி தேவைப்படும். உங்கள் அறைக்கு, நீர் 40 டிகிரி வரை விசிறிகள் மிகக் குறைந்த வேகத்தில் சுற்றட்டும், 48இல் முழு வேகத்தைத் தொடட்டும், 55ஐத் தாண்டினால் கணினி தானாக அணையும்படி அமையுங்கள்.

அறைக்குள் கொட்டும் வெப்பத்தின் அளவு லூப் போட்டாலும் மாறாது என்பதையும் கணக்கில் வையுங்கள். 600 வாட்டும் அந்த மாடி அறைக்குள்ளேதான் வரும். ஜன்னல் பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி வைத்து அறையை இரண்டு டிகிரி இறக்கினால், நீரும் அதே இரண்டு டிகிரி இறங்கும். மூன்றாவது ரேடியேட்டர் வாங்கலாமா என்று யோசிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.