தம்புராவோடு சேர்ந்து வரும் 'ம்ம்ம்': வீட்டுப் பதிவில் இரைச்சல், எங்கிருந்து பிடிப்பது?

சாட்ஸ்வொர்த் சுருதி:
வணக்கம். தைப்பூசத்துக்குள் ஆறு முருகன் பாடல்களைப் பதிவு செய்து முடிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வீட்டில் ஓர் அறைதான் ஸ்டூடியோ. விண்டோஸ் 11 லேப்டாப், அதற்கு மூன்று கம்பி சார்ஜர். லேப்டாப்பிலிருந்தே கரண்ட் எடுக்கும் இரண்டு இன்புட் யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக், கீபோர்டு ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி). ஒரு கண்டென்சர் மைக், ஒரு கீபோர்டு. மென்பொருள் ரீப்பர், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பஃபர் (ஒரு தடவையில் கையாளும் சாம்பிள்கள்) 128. கீபோர்டின் இடது அவுட்புட் இன்டர்ஃபேஸுக்குப் போகிறது. வலது அவுட்புட் பக்கத்து அறையில் கோரஸ் பாடுகிறவர்களுக்காக ஒரு ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறது. நான் கேட்பது ஹெட்ஃபோனில் மட்டும். சுருதி 1 கட்டை, மின்னணுத் தம்புரா மைக் பக்கத்திலேயே ஓடும்.

கீபோர்டு டிராக்கில் விடாத 'ம்ம்ம்' சத்தம், அதன் மேல் மெல்லிய கீச்சொலி. குரல் டிராக்கில் அவ்வப்போது 'பட்', 'டப்' என்று வெடிப்பு. பின்னணியில் 'ஸ்ஸ்' இரைச்சலும் உண்டு. இரைச்சல் நீக்கும் கருவி போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிறது, தம்புரா பாதி காணாமல் போகிறது. ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் கம்பியில் டேப் சுற்றினால் 'ம்ம்ம்' போய்விடும் என்கிறார்கள். சுற்றலாமா?

ஃபீனிக்ஸ் வயர்:
டேப் சுற்றவே கூடாது. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு கம்பி விட்டுப்போய் அதன் உலோகப் பெட்டியில் பட்டால், அந்த 230 வோல்ட் கீபோர்டு கேபிளின் ஷீல்டு (கம்பியைச் சுற்றிய உலோக உறை) வழியாக இன்டர்ஃபேஸுக்கும், அங்கிருந்து மைக்கின் உலோகத்துக்கும் வந்து நிற்கும். எர்த் இருந்தால் அந்த நொடியே பிரேக்கர் விழும். இல்லாவிட்டால், லேப்டாப்பும் பேட்டரியில் ஓடும்போது, பாடுகிறவர் மைக்கைத் தொட்டு அவர் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்த பிறகுதான் எர்த் லீக்கேஜ் (கசிவைக் கண்டால் கரண்டை அணைக்கும் சுவிட்ச்) விழும்.

இப்போது 'ம்ம்ம்'. நீங்கள் எழுதியதிலேயே காரணம் தெரிகிறது. லேப்டாப் சார்ஜர் ஓர் எர்த், ஆம்ப்ளிஃபையர் வேறு சுவரில் இன்னோர் எர்த். இரண்டையும் யூஎஸ்பி கேபிள், இன்டர்ஃபேஸ், கீபோர்டு கேபிள்களின் ஷீல்டு எல்லாம் சேர்ந்து ஒரு வளையமாகக் கட்டிவிட்டன. இரண்டு எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், ஷீல்டில் 50 ஹெர்ட்ஸ் ஓடும். கீபோர்டு கேபிள் அன்பேலன்ஸ்டு; ஷீல்டுதான் சிக்னலின் திரும்பு பாதையும். அதனால் அந்த 50 ஹெர்ட்ஸ் அப்படியே பதிவாகிவிடும்.

ஊகத்தோடு விட வேண்டாம், சோதியுங்கள். யாரும் வாசிக்காமல், எல்லாம் இணைந்தபடி 10 விநாடி பதியுங்கள். அடுத்த 10 விநாடி சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில். அடுத்து சார்ஜரை மாட்டி, ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கேபிளை மட்டும் கீபோர்டிலிருந்து கழற்றி 10 விநாடி. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. மூன்றையும் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கருவி) பாருங்கள். மேடுகள் 50, 150, 250 என்று நின்றால் பெரும்பாலும் எர்த் வளையம். 100, 200, 300 மட்டும் என்றால் ஏதோ ஒரு அடாப்டரின் டிசி சுத்தமாக இல்லை. 1000, 2000, 3000 என்றோ 8000-லோ ஊசி மாதிரி நின்றால் அது யூஎஸ்பி. யூஎஸ்பி தரவை 1 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை, ஹைஸ்பீடில் 125 மைக்ரோவிநாடிக்கு ஒரு தடவை அனுப்புகிறது. அந்தத் துடிப்புதான் கீச்சொலியாகக் கேட்கிறது.

சாட்ஸ்வொர்த் சுருதி:
நன்றி அண்ணா. சோதித்தேன். முதல் பதிவில் 50, 150, 250. கூடவே 1000, 2000. பேட்டரியில் எல்லாமே மறைந்தன. ஆம்ப்ளிஃபையர் கேபிளைக் கழற்றியபோதும் மறைந்தன. ஆனால் கோரஸுக்கு அந்த ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

ஃபீனிக்ஸ் வயர்:
அப்படியானால் வளையமேதான், கீச்சொலியும் அதே வழியில்தான் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பேசிவ் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) ஒன்று வாங்குங்கள். கீபோர்டின் இடது அவுட்புட் டிஐக்குள். டிஐயிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக்) கேபிள் இன்டர்ஃபேஸின் மைக் இன்புட்டுக்கு. டிஐயில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் சிக்னல் காந்தப்புலமாகக் கடக்கிறது, செம்பு இணைப்பு கிடையாது, வளையம் அங்கே அறுந்துவிடும். அறுவது சிக்னல் கேபிளின் எர்த்தான், சுவர் எர்த் இருந்த இடத்திலேயே இருக்கும். டிஐ சிக்னலைக் குறைக்கும், ஆகவே கெயினை (இன்புட் சிக்னலைப் பெருக்கும் அளவை) கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும். கேபிள்களை மாட்டிக் கழற்றும்போது 48 வோல்ட் ஃபாண்டம் (இன்டர்ஃபேஸ் கண்டென்சர் மைக்குக்குத் தரும் கரண்ட்) அணைந்திருக்கட்டும்.

டிஐ வரும்வரை ஆம்ப்ளிஃபையரையும் சார்ஜரையும் ஒரே மல்டிபிளக்கில் மாட்டினால் சத்தம் குறையும், முழுக்கப் போகாது. பேட்டரியில் பதிவதுதான் அதைவிட நல்லது. லோட் ஷெடிங்குக்காக (மின்வெட்டுக்காக) வாங்கிய இன்வெர்ட்டரில் சார்ஜரை ஓட்ட வேண்டாம். ப்யூர் சைன் (சுத்தமான அலை) தராத வகையாக இருந்தால் மேல் ஹார்மோனிக்குகள் (50-இன் மடங்குகள்) சேர்ந்து 'ம்ம்ம்' 'ஸ்ர்ர்ர்' ஆகிவிடும்.

மெரீபேங்க் மைக்:
வெடிப்பைப் பற்றி. இரண்டு வேறு நோய்கள் ஒரே மாதிரி கேட்கும். வெடிப்பு வந்த இடத்தை ரீப்பரில் ஒவ்வொரு சாம்பிளும் தெரியும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அலை திடீரென்று செங்குத்தாகக் குதித்திருந்தால், அல்லது நடுவே ஒரு துண்டு காணாமல் போயிருந்தால், கம்ப்யூட்டர் நேரத்துக்குத் தரவு எடுக்கவில்லை என்று பொருள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 பஃபர் என்பது 2.7 மில்லிவிநாடிதான். பதியும்போது 256 வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது 1024. இன்டர்ஃபேஸ் தயாரித்தவர் தந்த ஏசியோ (ஆடியோவைத் தாமதமின்றிக் கடத்தும்) டிரைவரையே போடுங்கள். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (கரண்டை மிச்சப்படுத்த யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதி) அணையுங்கள். லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டால் எந்த டிரைவர் தடுக்கிறது என்று பெயரோடு காட்டும். பல லேப்டாப்புகளில் அது வைஃபை.

அலை துண்டாகாமல், கனமான 'டப்' ஒன்று மேடு மாதிரி எழுந்து அடங்கியிருந்தால் மைக்கைச் சந்தேகப்படுங்கள். டர்பன் தைப்பூசக் காலம் உச்சக் கோடை, கடல் ஈரம் காற்றிலேயே இருக்கும். கண்டென்சர் கேப்ஸ்யூலில் (மைக்கின் ஒலி பிடிக்கும் பகுதி) ஈரம் படிந்தால் அங்குள்ள மின்னூட்டம் கசிந்து வெடிக்கும். சந்தேகம் தீர, அதே இன்புட்டில் அதே கேபிளில் மின்னூட்டம் தேவைப்படாத ஒரு டைனமிக் மைக்கை மாட்டி 5 நிமிடம் பதியுங்கள். வெடிப்பு இல்லையென்றால் ஈரம்தான். மைக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு நாள் வையுங்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த மைக்கை வெளிக் காற்றுக்குக் கொண்டுவந்த உடனே ஃபாண்டம் போட வேண்டாம், அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள்.

'ஸ்ஸ்' பெரும்பாலும் தூரத்தால் வருவது. மைக் 60 சென்டிமீட்டரில் இருந்தால் 15-க்குக் கொண்டுவாருங்கள், நடுவில் பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை) வைத்து. தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், இங்கே இரண்டு முறை பாதியாகிறது, 12 டெசிபல் கெயின் மிச்சம். உச்சம் -12 டெசிபலைத் தொடும்படி இன்டர்ஃபேஸிலேயே வையுங்கள். சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள்.

டோங்காட் தம்புரா:
இரைச்சல் நீக்கி ஏன் தம்புராவைத் தின்றது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கருவிக்கு மாறாமல் நீடிக்கும் எதுவும் இரைச்சல்தான். தம்புராவின் வேலையே மாறாமல் நீடிப்பது. நீங்கள் மாதிரி எடுத்த அந்த 2 விநாடியில் தம்புரா ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இன்னொன்று முக்கியம். 1 கட்டையில் ஷட்ஜம் (ஸ) சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமம் (கீழ் ப) 98. மின்சார இரைச்சலில் 100 ஹெர்ட்ஸும் கலந்திருந்தால் 98-க்கும் 100-க்கும் நடுவே விநாடிக்கு இரண்டு அலைவு கேட்கும். கேட்பவருக்கு அது தம்புரா சுருதி சேராதது போலத் தோன்றும். பாடுகிறவர் தன் சுருதியை நொந்துகொள்வார். 2 கட்டைக்காரர்களுக்கு ஷட்ஜமே 147, பக்கத்தில் 150. வெட்டி எடுக்கலாமென்று 100-இல் நாட்ச் ஃபில்டர் (ஒரே ஒரு ஹெர்ட்ஸை வெட்டும் கருவி) போட்டால், க்யூ (வெட்டின் குறுகல்) 30 வைத்தாலும் 98-இல் 2 டெசிபலுக்கு மேல் போய்விடும். ஆகவே நம் இசைக்கு இதைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று விடவே கூடாது. பதியும் முன்பே நிறுத்த வேண்டும்.

தம்புராவை மைக்கில் விடாமல் லைனாகத் தனி டிராக்கில் பதியுங்கள், பாடுகிறவர் ஹெட்ஃபோனில் கேட்கட்டும். கீபோர்டை வேறு டேக்கில் வாசித்தால் இரண்டு இன்புட்டே போதும். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் எல்லோரும் அசையாமல் 5 விநாடி அமைதி. குரல் டிராக்கில் அந்த அமைதியிலிருந்து மாதிரி எடுத்து, 6 டெசிபல் மட்டும் குறையுங்கள். 20 என்று தள்ளினால்தான் தண்ணீர்ச் சத்தம் வரும்.

சாட்ஸ்வொர்த் சுருதி:
தம்புராவைத் தனி லைனில் எடுக்கும்போது அதன் அடாப்டர் இரண்டு கம்பிதான், அக்கா. அதனால் இரைச்சல் வருமா?

டோங்காட் தம்புரா:
எர்த் இல்லாததால் வளையம் வராது, ஆனால் அடாப்டரின் கசிவால் 'ர்ர்ர்' வரலாம். இன்டர்ஃபேஸின் உலோகத்தைத் தொடுங்கள். தொட்டவுடன் குறைந்தால் கசிவுதான். அந்தப் பெட்டியில் பேட்டரி போட இடமிருந்தால், பதியும்போது பேட்டரியில் ஓட்டுங்கள்.