20-க்கு 30 வீட்டுக்கு மூலைக்கு மூலை எவ்வளவு? பாட்டுக் கணக்கும் மேஸ்திரி கணக்கும் ஒத்துப்போகவில்லை

புதுமனை_மன்னார்குடி:

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த மனையில் 20 அடிக்கு 30 அடியில் சிறிய வீடு ஒன்று கட்டத் தொடங்கியிருக்கிறோம். முளை அடித்துக் கயிறு கட்டும் வேலை நேற்று நடந்தது. மூலை மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பழம்பாடல் என்று சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் ஒரு கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட்டு, மிச்சத்தோடு மற்றப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் மூலைவிட்டம் கிடைக்கும், வர்க்கமூலமே தேவையில்லை என்பது அதன் சாரம். 30-இல் எட்டில் ஏழு பங்கு 26¼, அதோடு 20-இல் பாதியான 10 சேர்ந்து 36¼ அடி, அதாவது 36 அடி 3 அங்குலம் வந்தது. ஆனால் எங்கள் மேஸ்திரி 3, 4, 5 வைத்து (ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 என்று குறித்து, குறுக்கே 5 வந்தால் மூலை செங்கோணம்) மூலை எடுத்த பிறகு டேப் பிடித்தால், 36 அடிக்கு மேல் ஓர் அங்குலம்கூட வரவில்லை. கைப்பேசிக் கால்குலேட்டரோ 36.055 என்கிறது. பாட்டுக் கணக்கை மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நாளை மறுநாள் கடைக்கால் குழி வெட்ட ஆள் வருகிறது. எதை நம்புவது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாலிடெக்னிக்_வாத்தியார்:

மேஸ்திரியை நம்புங்கள். அவர் சிரித்ததற்கும் காரணம் இருக்கிறது.

அந்த எட்டில் ஏழு, இரண்டில் ஒன்று கணக்கு பொய்யல்ல, ஆனால் இரண்டே இரண்டு வடிவங்களுக்குத்தான் அது மிகச் சரியாகப் பொருந்தும். சிறிய பக்கம் பெரிய பக்கத்தில் முக்கால் பங்காக இருந்தால் பொருந்தும்: 4, 3 என்றால் 3½-உம் 1½-உம் சேர்ந்து 5. பன்னிரண்டில் ஐந்து பங்காக இருந்தாலும் பொருந்தும்: 12, 5 என்றால் 10½-உம் 2½-உம் சேர்ந்து 13. சுற்றிவரும் காணொளிகளில் எடுத்துக்காட்டாக இந்த அளவுகளையும் இவற்றின் மடங்குகளையுமே காட்டுவதால், பார்ப்பவருக்கு எல்லா அளவுக்கும் அது செல்லும் என்று தோன்றிவிடுகிறது. இந்த இரண்டு விகிதங்களுக்கு நடுவில் எந்த அளவை எடுத்தாலும் விடை கொஞ்சம் கூடுதலாக வரும்; உங்கள் 20-க்கு 30 அந்த நடுப்பகுதியில்தான் விழுகிறது. வெளியே போனால் விடை குறையும். 10-க்கு 10 அறைக்கு அது 13 அடி 9 அங்குலம் சொல்லும், உண்மையில் 14 அடி 1¾ அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. நீளம் 12 அடி, உயரம் 1 அடி என்று போட்டுப் பாருங்கள். 11 அடி என்று வரும். கிடை நீளத்தைவிடச் சாய்வு நீளம் குறைவாக இருக்க முடியுமா?

உங்கள் வீட்டுக் கணக்கைக் காகிதத்திலேயே போடலாம். 30-ஐ 30-ஆல் பெருக்கினால் 900, 20-ஐ 20-ஆல் பெருக்கினால் 400, கூட்டினால் 1300. இதற்கு அருகில் உள்ள முழு வர்க்கம் 36-இன் வர்க்கமான 1296, மீதி 4. அந்த மீதியை 36-இன் இரு மடங்கான 72-ஆல் வகுத்தால் 4/72 அடி, அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் மூன்றில் இரண்டு அங்குலம், அதாவது 5 நூலுக்குச் சற்று மேல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஆகவே உங்கள் மூலைவிட்டம் 36 அடி 5 நூல். கால்குலேட்டர் காட்டும் 36.055 என்பதும் இதுதான். புள்ளிக்குப் பின்னால் வருவது அடியின் பின்னமே தவிர அங்குலம் அல்ல என்பதை மறந்து, 36.5 என்றால் 36 அடி 5 அங்குலம் என்று டேப்பைப் பிடிக்கிறவர்களை வகுப்பில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன், 36.5 என்பது 36 அடி 6 அங்குலம்.

36 அடி 3 அங்குலத்துக்கு முளை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 20 அடிச் சுவர் அதன் மறுமுனையில் ஏறக்குறைய 2¾ அங்குலம் சாய்ந்து போயிருக்கும். பூசும்போது யாருக்கும் தெரியாது. தரையில் டைல்ஸ் ஒட்ட வருகிறவர், சுவரோரத்துக் கல்லை ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுக்கமாகவும் வெட்டும்போதுதான் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

கைமரம்:

நான் ஓட்டு வீட்டுக் கூரை வேலை செய்கிறவன். ஐயா சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் இந்தப் பாட்டுக் கணக்கை எங்கள் வேலையில் முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. சுவரிலிருந்து மோட்டு வளைக்கு (கூரை உச்சியில் படுக்கையாகச் செல்லும் மரம்) கிடையாக 8 அடி, உயரம் 4 அடி என்றால் கைமரம், அதாவது ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம், 9 அடி என்று அது சொல்லும். உண்மை அளவு 8 அடி 11⅓ அங்குலம். அந்த ஐந்து நூல் கூடுதல் எனக்கு நட்டமில்லை, ஏனென்றால் வெளியே நீளும் முனையை எல்லாக் கைமரமும் ஏறிய பிறகு கயிறு பிடித்து ஒரே கோட்டில்தான் அறுக்கிறோம். மரக்கடைக்குப் போகும்போது மனக்கணக்காக எத்தனை அடிச் சட்டம் வாங்குவது என்று முடிவுசெய்ய அது போதும். ஆனால் கூரை செங்குத்தாக ஏறி 8-க்கு 8 என்று வந்தால், 11 அடி என்று அது சொல்ல, 11 அடி 3¾ அங்குலம் தேவைப்படும். கூடுதலான மரத்தை அறுக்கலாம், குறைந்த மரத்தை எதைக் கொண்டு நீட்டுவது?

வெட்டு அளவுக்கு நான் எந்தக் கணக்கையும் நம்புவதில்லை. சிமெண்டுத் தரையில் மூலைமட்டம் வைத்து, கிடையையும் உயரத்தையும் முழு அளவிலேயே சுண்ணாம்புக் கயிறு தட்டிக் கோடு போட்டு, அதன்மேல் முதல் கைமரத்தைப் படுக்கவைத்துக் குறிப்பேன். பிறகு அதுவே மற்றவற்றுக்கு அச்சு. சில தம்பிகள் அடிக்கு ஓர் அங்குலம் என்று சிறியதாக வரைந்து அளக்கிறார்கள். அதில் ஒரு நூல் தவறினால் மரத்தில் ஒன்றரை அங்குலம் தவறும்.

பழைய_மேஸ்திரி:

மூவரும் கணக்கைப் பேசிவிட்டீர்கள், நான் கயிற்றைப் பேசுகிறேன்.

3, 4, 5 சரியான முறைதான், ஆனால் 3 அடி, 4 அடி, 5 அடி என்று சிறியதாக எடுப்பது இந்த வீட்டுக்குப் போதாது. 5 அடியில் ஒரே ஒரு நூல் தவறினால் அது 30 அடி போய்ச் சேரும்போது ஒன்றரை அங்குலமாக வளர்ந்திருக்கும். அதையே 12, 16, 20 என்று எடுத்தால், அதே ஒரு நூல் தவறு அதே தூரத்தில் மூன்று நூலோடு நின்றுவிடும். இடம் இருக்கும்வரை பெரியதாக எடுங்கள்.

டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறதே என்று அதை ஆணியடித்து இறுக்கிவிடாதீர்கள். கொக்கியின் கனத்தை ஈடுசெய்யவே அது ஆடும்படி வைக்கப்பட்டிருக்கிறது. மாட்டி இழுத்தாலும் முட்டவைத்துப் பிடித்தாலும் அளவு ஒன்றாக வரும். முளையின் தலையில் கொக்கி சரியாக உட்காராது என்பதால் நாங்கள் ஓர் அடிக் கோட்டிலிருந்து பிடிப்போம், ஆனால் மறுமுனையில் நிற்கிறவர் அந்த ஓர் அடியைக் கழிக்க மறந்தால் அன்றைய வேலை போயிற்று. அப்படி ஒரு தூணை ஓர் அடி தள்ளிக் குழி வெட்டவைத்து, என் கையாலேயே மண்ணை மூடியிருக்கிறேன். மனை சரிவாக இருந்தால் டேப்பைத் தரையோடு படுக்கவைக்காமல், டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பார்த்துக் கிடையாகப் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டு அளக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் பிடியுங்கள். இரண்டும் சமம் என்பது மட்டும் போதாது, எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக இருக்க வேண்டும். முன்பக்கம் 30-உம் பின்பக்கம் 29-ஆகவும் இரு புறமும் ஒரே அளவு ஒடுங்கியிருந்தாலும் மூலைவிட்டங்கள் சமமாகவே வரும். பக்கங்கள் சரி, மூலைவிட்டங்கள் மட்டும் வேறுபடுகின்றன என்றால், முன்பக்க 30 அடியைத் தொடாமல் பின்பக்க முளைகள் இரண்டையும் சேர்த்துப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். உங்கள் அளவுக்கு ஓர் அங்குல வித்தியாசம் இருந்தால் 5 நூல் நகர்த்தினால் போதும். முழு அங்குலத்தையும் நகர்த்தினால் தவறு அந்தப் பக்கம் போய்விடும்.

புதுமனை_மன்னார்குடி:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை மேஸ்திரியோடு நின்று 12, 16, 20 எடுத்தோம். பக்கங்கள் நான்கும் சரியாக இருந்தன, ஆனால் ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட 6 நூல் கூடுதலாக இருந்தது. பின்பக்க முளைகள் இரண்டையும் குறைவான மூலைவிட்டம் நீளும் பக்கமாக மூன்றரை நூல் நகர்த்தினோம். இரண்டும் 36 அடி 5 நூலில் வந்து நின்றன. குழி வெட்டும்போது இந்த முளைகள் பெயர்ந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது?

பழைய_மேஸ்திரி:

ஒவ்வொரு கயிற்றையும் இரு முனையிலும் மூலையைத் தாண்டி நான்கு அடி நீட்டி, குழிக்கு வெளியே புதிய முளைகளை அடித்து, அவற்றின் தலையில் கயிறு நிற்கும் இடத்தில் ஆணி அடித்துவிடுங்கள். மூலை முளை போனாலும் கயிறுகளைத் திரும்பக் கட்டினால் அவை வெட்டிக்கொள்ளும் இடமே மூலை. மண்ணை அந்த முளைகளின் மேல் கொட்டவேண்டாம் என்று குழி வெட்டுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.