கெயோர்க் நேஸின் ‘ஷோட்டர்’: கடைசி வரிசை மட்டும் கலைகிறது, ஏன்?

கேள்வி: 1960களின் பிற்பகுதியில் கணினிக் கலைஞர் நேஸ் செய்த ‘ஷோட்டர்’ படத்தை ப்ராசஸிங்கில் (படம் வரைய உதவும் நிரல்மொழி) வரைந்து பார்க்கிறேன். குறுக்கே 12, கீழாக 22, மொத்தம் 264 சதுரம். மேலே ஒழுங்காகத் தொடங்கி, கீழே போகப் போகச் சரளைக்கல் கொட்டினாற்போல் கலைய வேண்டும். எனக்கோ 21 வரிசை அசையாமல் நிற்கிறது. கடைசி வரிசை மட்டும் சிதறி, திரையில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. சில சதுரங்கள் காணாமலே போகின்றன. கலைவின் அளவு = வரிசை / 21 (வரிசை 0 முதல் 21 வரை). -45 முதல் 45 வரை ரேண்டம் எண் எடுத்து, அளவால் பெருக்கி, சுழற்றும் கட்டளையான ரோட்டேட்டுக்குக் கொடுக்கிறேன்.

பதில் 1: வகுத்தலில்தான் கோளாறு. இரண்டும் முழு எண் என்பதால் பின்னம் வெட்டுப்பட்டுவிடும். 20/21 பூஜ்யம், 21/21 ஒன்று. 21.0 என்று போடுங்கள்.

நடுக்கத்துக்குக் காரணம், படத்தை வரையும் டிரா பகுதி நொடிக்கு 60 முறை வரை ஓடி ஒவ்வொரு முறையும் புது எண் எடுப்பது. தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் செட்டப்பில் நோலூப் போட்டால், டிரா ஒரே முறை ஓடி நின்றுவிடும். கூடவே, அதே ரேண்டம் எண்களைத் திரும்ப வரவைக்கும் ரேண்டம்சீட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் நல்ல படம் ஒன்று அமைந்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

காணாமல் போகும் சதுரங்கள்: ரோட்டேட், சதுரத்தின் நடுவைச் சுற்றாது, திரையின் இடது மேல் மூலையைச் சுற்றும். புஷ்மேட்ரிக்ஸ் (இப்போதைய நிலையைச் சேமிக்க), சதுர மையத்துக்கு டிரான்ஸ்லேட் (நகர்த்த), ரோட்டேட், 0,0இல் ரெக்ட் (சதுரம் வரைய), பாப்மேட்ரிக்ஸ் (சேமித்த நிலைக்குத் திரும்ப). இதே வரிசையில் வேண்டும். ரெக்ட்மோட் சென்டரில் இருக்கட்டும், அப்போதுதான் 0,0 சதுரத்தின் நடுவாகும்.

பதில் 2: இன்னொன்று. ரோட்டேட் கேட்பது பாகை அல்ல, ரேடியன். 45 என்றால் ஏழு சுற்றுக்கு மேல். ±பை/4 (அதாவது ±45 பாகை) வையுங்கள். சதுரம் 90 பாகையில் தன்மேலேயே பொருந்துவதால் ±45 பாகையைத் தாண்டிச் சுழற்றியும் கூடுதல் கலைவு வராது. இடப்பெயர்ச்சி பக்கத்தில் பாதி, அதாவது 10 மி.மீ. சதுரத்துக்கு ±5. அதையும் அளவால் பெருக்குங்கள்.

கேட்டவர்: அருமையாக வந்துவிட்டது! ஏ4 தாளில் பேனா பிளாட்டரால் (கணினி சொல்கிறபடி பேனாவால் வரையும் கருவி) வரையலாமா? மேல் வரிசைக் கோடுகள் மட்டும் தடித்துவிடுமோ?

பதில் 2: தடிக்கும். அங்கே அடுத்தடுத்த சதுரங்கள் பக்கத்தைப் பகிர்வதால் பேனா ஒரே கோட்டில் இரண்டு முறை போகிறது. நேஸ் பயன்படுத்திய சூஸே கிராஃபோமாட் இசட்64உம் பேனா பிளாட்டர்தான். 0.3 மி.மீ. முனையும் மை ஊறாத தாளும் போதும்; பொதுக்கோட்டை நீக்காதீர்கள், சதுரம் சதுரமாக வரைவதே அதன் தர்க்கம். கட்டம் 120×220 மி.மீ., ஏ4இல் அடங்கும். அடி வரிசையில் ஒரு சதுரத்தின் மூலை அதன் பழைய மையத்திலிருந்து 7.07 + 5 = 12.07 மி.மீ. வரை நீளும், கட்டத்துக்கு வெளியே 7.07. சுற்றிலும் 8 மி.மீ.யாவது விடுங்கள்.